ரேக்ளா ஊர்ல இருந்து 100 மைல் ரைடுக்கு

கலிஃபோர்னியால சாக்ரமெண்டோ பக்கம் குடிவந்த நம்மாளுங்க லீவு நாள்ல லேக் டாஹோ போவாங்க, இல்லன்னா ஆளுக்கொரு சமையல் எடுத்துட்டு யார் வீட்லயாச்சும் பாட்லக்னு கூடுவாங்க. நான் ஆபர்ன் பக்கத்துல ஒரு லாயத்துல லத்தி, அதான் குதிரைச் சாணி, அள்ளிட்டு இருப்பேன். வீட்டுக்காரர் வேலைக்காக வந்தது, எனக்கு எச்4 விசா, வேலைக்கு போக முடியாது, கார் ஓட்ட பழகுனதும் வீட்ல உக்கார முடியாம வாலண்டியரா ஒத்துக்கிட்டது அந்த லாயம். இப்ப அங்க எனக்குன்னு ரெண்டு குதிரை நிக்குது, ஒரு அரபு பெட்டை, ஒரு பாதி அரபு ஆண் குதிரை. அம்மா போன்ல இன்னும் கேக்கறாங்க, "ஏங்கண்ணு, மாட்டுக்காரன் ஊட்ல பொறந்து குதிரைக்காரி ஆயிட்டியா?"

ஆபர்ன் சும்மா ஊர் இல்லைங்க. 1955ல வெண்டல் ரோபின்னு இந்த ஊர்க்காரர் ஒருத்தர், குதிரையால இன்னும் ஒரே நாள்ல 100 மைல் போக முடியும்னு காட்டறதுக்காக கொஞ்ச பேரோட சியர்ரா மலைய தாண்டி வந்தாரு, அதான் டெவிஸ் கப்ங்கற நெடுந்தூர குதிரைப் பந்தயம். இப்பவும் ட்ரக்கி பக்கத்துல விடியக்காலைல கிளம்பி 24 மணி நேரத்துக்குள்ள ஆபர்ன் வந்து சேரணும், அதுவும் குதிரை நல்லா இருக்குன்னு வெட், அதாவது கால்நடை டாக்டர், சொன்னாதான் கணக்கு. 1974ல கோர்டி ஐன்ஸ்லீங்கறவர் குதிரை இல்லாம அதே பாதைய ஓடியே முடிச்சாரு, இன்னைக்கு உலகம் பூரா இருக்கற 100 மைல் ஓட்டப் பந்தயத்துக்கு அதுதான் ஆரம்பம்னு சொல்லுவாங்க.

எங்க உடுமலைப் பக்கம் ரேக்ளான்னா காளை வண்டிப் பந்தயம், 200 மீட்டர், 300 மீட்டர், கண்ண மூடி திறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும். இங்க 160 கிலோமீட்டர். ஆனா லாயத்துக்கு போன கொஞ்ச நாள்லயே எனக்கு ஒண்ணு பட்டுச்சு, எங்க தாத்தா காங்கேயம் காளைய பூட்டறதுக்கு முன்னாடி காலைல சாணிய கால்ல தள்ளி பாப்பாரு, காது சூடா இருக்கா, மூக்கு ஈரமா இருக்கா, தண்ணித் தொட்டில எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பாப்பாரு, அப்புறம்தான் நுகத்த எடுப்பாரு. லாயத்துக்கார அம்மா, எழுபது தாண்டினவங்க, அவங்களும் காலைல முதல் வேலையா லத்திதான் பாக்கறாங்க. உருண்டை காய்ஞ்சு சின்னதா இருந்தா அன்னைக்கு சேணம் கிடையாது. இங்கிலீஷ் ஓடாத நாள்லயும் அவங்க கூட எனக்கு பேச்சு ஓடுச்சுன்னா அதுக்கு லத்திதாங்க காரணம்.

குதிரைய தயார் பண்றதுல எல்லாரும் அவசரப்படற இடம் ஒண்ணு இருக்கு. மூச்சும் இதயமும் சில மாசத்துல நல்லா ஏறிடும், மேட்ல போனாலும் திணறாது, உடனே நமக்கு ஆசை வந்துரும். ஆனா தசைநார், மூட்டு, எலும்பு எல்லாம் பலமாக வருஷக் கணக்குல ஆகும். அதனால முதல் வருஷம் பூரா நடையும் ட்ராட்னு சொல்ற மெதுவான ஓட்டமும்தான், தூரத்த கூட்டுன வாரம் வேகத்த கூட்டக்கூடாது, பெரிய ரைடு முடிஞ்சா சும்மா மேய விட்டுரணும், லீவும் ட்ரெய்னிங்தான். டெவிஸ்க்கு குதிரைக்கு 6 வயசாச்சும் ஆகணும்னு ரூல் இருக்கு, என் ஆண் குதிரை இன்னும் பொடியன், அவன் இப்போதைக்கு 25 மைல் ரைடோட சரி. பெட்டைதான் 50 மைல் போறா, அதுக்கு ஓய்வு நேரத்தையும் சேர்த்து 12 மணி நேரம் தருவாங்க.

தண்ணி விஷயம்தான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். நமக்கு வேர்த்தா தண்ணிதான் அதிகம் போகும், உப்பு கம்மி, ரத்தத்துல உப்பு ஏறி தாகம் எடுக்கும். குதிரை வேர்வைல உப்பு ரொம்ப அதிகம், தண்ணியும் உப்பும் சேர்ந்தே போறதால அதுக்கு தாகம்னே தெரியாது, உடம்பு வத்திப் போயி நிக்கும், தொட்டிக்கு முன்னாடி நிறுத்தினா முகத்த திருப்பிக்கும். அதனால உப்பு, பொட்டாசியம் கலந்து சிரிஞ்ச்ல வாய்ல பீச்சி விடுவோம், அதுவும் அது ஒழுங்கா குடிச்சிட்டிருக்கும்போதுதான், காய்ஞ்ச வயித்துல உப்ப மட்டும் தள்ளினா இன்னும் கெடும். குடிக்காத குதிரைக்கு ஊறவச்ச பீட் பல்ப்ப, அதாவது சர்க்கரை பீட் கிழங்கு சக்கைய, கஞ்சி பதத்துல வச்சா தண்ணியும் சேர்ந்து உள்ள போயிரும். புல்லும் முக்கியம், குடல் நிறைய காய்ஞ்ச புல் இருந்தா அது தண்ணிய பிடிச்சு வச்சுக்கும். இங்க அல்ஃபால்ஃபா, அதான் குதிரை மசால், சுலபமா கிடைக்குதேன்னு தினமும் அதையே அள்ளிப் போட்டா கால்சியம் அதிகமாகி, உடம்பு தன் எலும்புல இருந்து கால்சியம் எடுக்கற பழக்கத்தையே விட்டுரும், அப்புறம் ரைடு அன்னைக்கு வேர்வைல கால்சியம் போகும்போது விலா பக்கம் இதயத்துடிப்போட சேர்ந்து துடிக்க ஆரம்பிக்கும். தம்ப்ஸ்னு சொல்லுவாங்க. பாக்கவே பயமா இருக்கும்.

ரைடு அன்னைக்கு செக்பாயிண்ட்ல ஒரு அட்டை குடுப்பாங்க. ஈறு நிறம், கழுத்து தோல கிள்ளி விட்டா எவ்வளவு சீக்கிரம் திரும்புது, குடல் சத்தம், நடை எல்லாத்துக்கும் ஏ, பி, சின்னு மார்க். குடல் சத்தத்துல பி வந்தா நான் ப்ராக்ரஸ் கார்டு பாத்த நம்ம ஊர் அப்பா மாதிரி ஆயிருவேன். நாடி சும்மா நிக்கும்போது 30, 40ல இருக்கும், செக்பாயிண்ட்ல பெரும்பாலும் 60க்கு கீழ இறங்கினாதான் விடுவாங்க. இடது முன்னங்காலோட முழங்கைக்கு பின்னாடி, நெஞ்சு பக்கம், ஸ்டெத்த உள்ள தள்ளி வச்சு கேக்கணும், லப் டப் ரெண்டும் சேர்ந்ததுதான் ஒரு துடிப்பு, புதுசா வர்றவங்க அத ரெண்டா எண்ணி 110ன்னு அலறுவாங்க. அப்புறம் கொஞ்ச தூரம் ட்ராட் விட்டு திரும்பி வந்து, ஒரு நிமிஷத்துல மறுபடி எண்ணுவாங்க, முன்ன விட கூடியிருந்தா எங்கயோ வலியோ களைப்போ இருக்குன்னு அர்த்தம், குதிரை வாய திறந்து சொல்லாதத அது சொல்லிரும்.

குதிரைக்கு இவ்வளவுன்னா நமக்கு? ஜிம் போறத விட மலைப்பாதைல இறங்கி ஓடறதுதான் உதவுது. இறக்கத்துல குதிரைய விட்டு இறங்கி பக்கத்துலயே ஓடினா அதோட முன்னங்கால் பிழைக்கும், ஏத்தத்துல வால பிடிச்சுக்கிட்டு பின்னாடி ஏறலாம், டெய்லிங்னு பேரு, முதல்ல இத அம்மாகிட்ட வீடியோல காட்டினப்ப "உதைச்சா என்ன பண்ணுவ"ன்னு ஒரே சத்தம். தொடை உரசி புண்ணாகறது பெரிய தொல்லை, தையல் இல்லாத டைட்ஸும் வாசலினும் இல்லாம நான் கிளம்ப மாட்டேன். விஷ ஓக் செடி உரசினா வாரக்கணக்கா அரிக்கும், அதுக்கு முழுக்கை சட்டை. ஜூலைல கேன்யன், அதான் ஆழமான மலைப் பள்ளத்தாக்கு, உள்ள 40 டிகிரி சாதாரணம், ஆத்துல தண்ணி கிடைச்சா ஸ்பாஞ்ச கயித்துல கட்டி விட்டு குதிரை கழுத்துல நிறுத்தாம ஊத்தணும், மிச்சம் நம்ம தலைல. இங்கத்த எனர்ஜி ஜெல் எல்லாம் எனக்கு குமட்டுது, உப்பு தூக்கலா நீர்மோரும் தயிர் சாதமும்தான் வயித்துல நிக்குது.

இருட்டினப்புறம் டார்ச் அடிக்காதேன்னு லாயத்துக்கார அம்மா சொன்னப்ப நம்பவே முடியல. குதிரைக்கு ராத்திரி கண்ணு நம்மள விட நல்லா தெரியும், வெளிச்சம் அடிச்சா அதுக்குதான் கஷ்டம், மார்ப்பட்டைல ஒரு க்ளோ ஸ்டிக் போதும், கடிவாளத்த தளர விட்டுட்டு உக்காரணும். இந்த "சும்மா உக்காரு"தான் எனக்கு வர மாட்டேங்குது.

போன ரைடுல பெட்டைக்கு வெட் ஓகே சொல்லிட்டாங்க, ஆனா அவ காத தொங்க விட்டுட்டு புல்ல மோந்துட்டு விட்டுட்டா, நானா போதும்னு நிறுத்திட்டேன். இதுக்கு ரைடர் ஆப்ஷன்னு தனியா ஒரு பேரே இருக்கு, யாரும் ஏன்னு கேக்கல, நாலு பேர் வந்து நல்ல முடிவுன்னு சொல்லிட்டு போனாங்க. வீட்டுக்கு வந்து அவ வழக்கம்போல தின்னா, தண்ணி குடிச்சா, காலைல லத்தியும் சரியா இருந்துச்சு.

இப்ப நம்ம தமிழ் வாட்ஸ்அப் க்ரூப்ல இருந்து ரெண்டு பேர் க்ரூவா, அதாவது ரைடு அன்னைக்கு கூட நின்னு உதவ, வர்றேன்னிருக்காங்க, ஒருத்தி நர்ஸ், குதிரைக்கு நாடி பிடிக்க அஞ்சே நிமிஷத்துல கத்துக்கிட்டா. லாயத்துக்கார அம்மாவுக்கு புளியோதரை ரொம்ப பிடிச்சு போச்சு, அடுத்த தடவை ரெண்டு டப்பாவா கொண்டு வர சொல்லியிருக்காங்க. வேற யாராச்சும் வர்றதா இருந்தா மடக்கு சேர், தொப்பி, நிறைய ஐஸ் கொண்டு வாங்க, செருப்பு மட்டும் போட்டுட்டு வராதீங்க, லாடம் அடிச்ச கால் நம்ம விரல் மேல இறங்கினா அப்புறம் உங்களுக்குதான் வெட் பாக்கணும்.