மேக்ரோ விட்டுச் சென்ற கடைசி வரி

அன்று 14ஆம் தேதி, மாலை நேரம். திருப்பூரில் நான் வேலை பார்த்த பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து அக்கா கூப்பிட்டார். "தம்பி, மறுபடியும் எக்செல் தானா மூடிக்குதுங்க. நாளைக்குள்ள பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கட்டியாகணும்."

640 தொழிலாளர்கள். ஆளுக்கு ஒரு வரி. வரிக்கு யுஏஎன் எண்ணில் (தொழிலாளியின் பிஎஃப் அடையாள எண்) தொடங்கி 11 விவரங்கள், நடுநடுவே #~# என்ற குறி. இப்படி அமைந்த டெக்ஸ்ட் ஃபைலைத்தான் பிஎஃப்-ஐ நிர்வகிக்கும் இபிஎஃப்ஓ அமைப்பின் தளத்தில் ஏற்ற வேண்டும். எங்கள் மேக்ரோ, அதாவது எக்செல்லுக்குள் விபிஏ மொழியில் எழுதிய சின்ன நிரல், சம்பளப் பட்டியலைப் படித்து வரிகளைக் கோத்துக் கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடம்) வைக்கும். அக்கா நோட்பேடில் ஒட்டிச் சேமிப்பார். பல வருடம் ஓடிய ஏற்பாடு. அவருக்குப் புதுக் கணினி வந்த பிறகுதான் சிக்கல். முந்தைய மாதம் என் கணினியில் ஓட்டிக் கொடுத்துச் சமாளித்துவிட்டேன். அங்கே ஓடுகிறது, இங்கே விழுகிறது என்பதே பெரிய தடயம். அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

பிழை எண் ஒன்று வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எரர் 6 என்றால் ஓவர்ஃப்ளோ. இன்டிஜர் என்ற சிறிய எண் வகையில் வைத்த ஏதோ ஒன்று 32,767ஐத் தாண்டியிருக்கும். இங்கே எண்ணும் இல்லை, பிழை உள்ள இடத்தைக் காட்டும் மஞ்சள் வரியும் இல்லை. திரை வெளுக்கும், எக்செல் மறையும். சில சமயம் மேக்ரோ முடிந்து, ஃபைலைச் சேமிக்கும்போது விழும்.

எக்செல்லோடு சேர்ந்து ஓடும் கூடுதல் நிரல்களான ஆட்-இன்களையெல்லாம் நிறுத்திவிட்டு ஓட்டினேன். விழுந்தது. மேக்ரோவின் நிரல் பகுதிகளான மாட்யூல்களை எக்ஸ்போர்ட் செய்து புது ஃபைலில் ஏற்றினேன். விபிஏ ப்ராஜெக்ட் உள்ளுக்குள் கெட்டுப்போயிருந்தால் இது பல நேரம் கைகொடுக்கும். அப்போதும் விழுந்தது. மணி எட்டு. அக்கா வீட்டுக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன். நிரல் எதுவரை வந்தது என்று பார்க்க டீபக் பிரின்ட் கட்டளையில் எழுதுவதெல்லாம் எக்செல்லோடு சேர்ந்து போய்விடும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து, ஒரு வரி எழுதி, உடனே மூடும்படி சின்னதாக ஒரு ப்ரொசீஜர் சேர்த்தேன். மூடுவது முக்கியம், திறந்தபடி விட்டால் கடைசி வரி வட்டுக்குப் போய்ச் சேராமலே போகலாம். ஓட்டினேன், விழுந்தது. ஃபைலைத் திறந்தால் கடைசி வரி: "கிளிப்போர்டு தொடக்கம்".

அந்த இடத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. புதுக் கணினியில் இருந்தது 64 பிட் ஆபீஸ். விண்டோஸின் செயல்பாடுகளை மேக்ரோவில் பயன்படுத்த எழுதும் டிக்ளேர் வரிகளை மாற்றச் சொல்லி முதல் நாளே கம்பைல் எரர் வந்தது. ஒவ்வொன்றிலும் பிடிஆர்சேஃப் என்ற சொல்லை நான்தான் சேர்த்தேன். எரர் போனதும், சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அந்தச் சொல், வரி 64 பிட்டுக்குப் பொருந்தும் என்று நாம் கொடுக்கும் உறுதிமொழி மட்டுமே. அது உண்மையா என்று எக்செல் சோதிக்காது. நினைவக முகவரியை வாங்கும் இடங்களிலெல்லாம் லாங் என்ற எண் வகையே இருந்தது. லாங் எப்போதும் 32 பிட்தான். 64 பிட் முகவரி அதில் பாதியாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட முகவரியில், நினைவகத்தில் நகலெடுக்கும் காப்பி மெமரி என்ற செயல்பாடு எழுதப் போனால், அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் உடனே விழும். வேறு ஏதாவது இருந்தால் அதன் மேல் எழுதிவிட்டு, பிறகு எங்கேயோ விழும். என் கணினியில் இருந்தது 32 பிட் ஆபீஸ். அதில் முகவரியும் 32 பிட்தான்.

லாங்கை, முகவரியின் அளவுக்கு ஏற்ப மாறும் லாங்பிடிஆர் என்ற வகையாக மாற்றினாலே போதும். ஆனால் கிளிப்போர்டே எதற்கு என்று தோன்றியது. அந்தப் பகுதியை முழுக்க எடுத்துவிட்டு, வரிகளை நேராக டெக்ஸ்ட் ஃபைலில் எழுதவைத்தேன். பத்து வரிகூட ஆகவில்லை. "இனி ஒட்ட வேண்டாங்களா?" என்று கேட்டு, 640 வரியும் இருக்கிறதா என்று அக்கா எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் தளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, நான் பிடிஆர்சேஃப் சேர்த்த மற்ற ஃபைல்களைத் தேடிக்கொண்டிருந்தேன். போனஸ் கணக்கிலும் கேட் பாஸ் ஃபைலிலும் அதே வரிகள் இருந்தன.