மழைக்குப் பிறகு நோவா கதை

எங்கள் பள்ளியில் முதல் பீரியட் வேதபாடம், அதாவது பைபிள் வகுப்பு. காலை ஜெபம் முடிந்து, வருகைப் பதிவு எடுத்ததும் அரை மணி நேரம். 22 வருடமாக நான்தான் எடுக்கிறேன். தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரலுக்குப் பக்கத்தில் தாமிரபரணிக் கரையோரக் கிராமம், சுற்றிலும் வாழை. ஜெர்மன் மிஷனரி இரேனியஸ் ஐயர் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு இந்தப் பக்கத்து ஊர்களில் கிறிஸ்தவக் கோயிலும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே வளர்ந்தன. எங்கள் ஊரிலும் ஒரே காம்பவுண்டுதான்.

பிள்ளைகளில் பாதிப் பேர் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் யாரையும் வேதபாடத்தில் உட்கார வைக்கக் கூடாது. அரசியல் சாசனம் 28-ஆவது பிரிவில் அது இருக்கிறது. வேண்டாம் என்பவர்களுக்கு அதே நேரத்தில் நன்னெறி வகுப்பு உண்டு. ஆனால் நிறைய அம்மாக்கள், "கதைதான டீச்சர், கேக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நம்பி அனுப்புகிறார்கள். அந்தக் கையெழுத்தை நான் லேசாக எடுத்துக்கொண்டதே இல்லை.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது நோவா கதை. எனக்கும்தான். உலகை அழிக்க வந்த பெருவெள்ளத்திலிருந்து தப்ப, கடவுள் சொன்னபடி நோவா தன் குடும்பத்துக்கும் மிருகங்களுக்கும் ஒரு பேழை, அதாவது பெரிய மரக்கப்பல், கட்டுகிற கதை. பேழையின் நீளம் 300 முழம், அகலம் 50 முழம் என்று பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் இருக்கிறது. முழம் என்றால் பூக்காரம்மா அளக்கிற முழம் என்று சொல்லிவிட்டால் போதும், வகுப்பே மைதானத்துக்கு ஓடும். சணல் கயிற்றைப் பிடித்து, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஆளுக்கு ஆள் அளப்பார்கள். சின்னக் கை முழத்தில்கூட 300 முழம் எங்கள் மைதானத்துக்குள் அடங்காது. காம்பவுண்டுச் சுவரில் முட்டி நிற்கும்போது, "இவ்வளவு பெருசா!" என்று ஒரு சத்தம் எழும். அப்புறம் வகுப்புக்கு வந்து படங்களைக் காட்டுவேன். ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டிய ஒட்டகச்சிவிங்கி, சிரிக்கிற யானை, மேலே வானவில். கடைசியில், "பார்த்தீங்களா, கீழ்ப்படிந்தவங்க பிழைச்சாங்க, கீழ்ப்படியாதவங்க அழிஞ்சாங்க" என்று சொல்லி முடிப்பேன். எத்தனையோ வருடம் அப்படியே முடித்திருக்கிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று பிறகு தெரிந்துகொண்டோம். குளங்கள் உடைந்தன, ஆறு கரை தாண்டியது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் எல்லாம் தீவாகிவிட்டன. எங்கள் பள்ளிக்குள் கரும்பலகையின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பீரோவைத் திறந்தேன். வேதபாடப் படங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, சேறு மணக்கும் ஒரே கட்டியாக இருந்தன. பிரிக்கப் பார்த்தேன், கையோடு கிழிந்து வந்தது.

ஜனவரியில் பள்ளி திறந்தபோது பாதிப் பிள்ளைகளிடம் பையே இல்லை. நாலாம் வகுப்பில் அந்தப் பருவத்துக்கு மீதி இருந்த பாடம் நோவா. தள்ளி வைக்கத்தான் நினைத்தேன். பிள்ளைகளே கேட்டார்கள், "டீச்சர், வெள்ளக் கதை சொல்லுங்க" என்று. கையில் படம் இல்லை. வேதத்தைத் திறந்து வாசித்துக்கொண்டே சொன்னேன். "கர்த்தர் அவனை உள்ளே விட்டுக் கதவை அடைத்தார்" என்ற இடம் வந்தது.

கடைசி பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். அதிகம் பேசாத பிள்ளை.

"வெளிய நின்னவங்க கதவைத் தட்டலையா டீச்சர்?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். "எங்களுக்கு மச்சு வீட்டு ஆச்சி திறந்து விட்டாங்க. எங்க ஆட்டையும் மேல ஏத்திக்கிட்டாங்க. தெருவே அவங்க மாடியிலதான் ரெண்டு ராத்திரி இருந்துச்சு. நோவா ஏன் யாரையும் ஏத்தலை?"

இன்னொரு பையன், "நாங்க என்ன தப்பு செஞ்சோம் டீச்சர்?" என்றான். அவன் அப்பாவின் வாழை முழுவதும் போயிருந்தது.

வழக்கமாகச் சொல்லி முடிக்கும் அந்த வாக்கியம் அப்போது என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் அந்தப் பையனுக்கு அதுதான் பதிலாகப் போயிருக்கும். நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

அவனிடம் முதலில் சொன்னேன், "நீங்க ஒரு தப்பும் செய்யலை. குமரிக்கடல் பக்கம் காற்று சுழன்றது, அது கொண்டுவந்த மழை. யாரையும் தண்டிக்க வந்ததில்லை." இதைச் சொல்லும்போது வேதபாடம் எடுக்கிறவள் என்ற இடத்திலிருந்து நான் கொஞ்சமும் இறங்கவில்லை. வேதபாடம் எடுக்கிறவள் சொன்னால்தான் அந்தப் பிள்ளை நம்புவான்.

அந்தப் பெண் பிள்ளைக்கு என்னிடம் பதில் இல்லை. "எனக்கும் தெரியலைம்மா" என்றேன். வகுப்பு அமைதியாக இருந்தது. அப்புறம் பக்கத்தைப் பின்னால் திருப்பி, நான் ஒருபோதும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டாத ஒரு வசனத்தை வாசித்தேன். ஆறாம் அதிகாரம். மனுஷனை உண்டாக்கினதற்காகக் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார், "அது அவர் இருதயத்துக்கு விசனமாயிருந்தது."

"விசனம்னா என்ன டீச்சர்?"

"ரொம்ப வருத்தம்."

"அப்ப சாமி அழுதாரா?"

"அப்படித்தான் நான் நினைக்கிறேன்" என்றேன். அந்தப் பெண் பிள்ளை உட்கார்ந்தாள். சமாதானம் ஆனாளா என்று எனக்குத் தெரியாது.

இத்தனை வருடம் அந்த வசனத்தைத் தாண்டி ஓடியிருக்கிறேன். படங்களில் அது கிடையாது. யானைக்கும் வானவில்லுக்கும் நடுவில் கடவுளுடைய துக்கத்துக்கு இடமே இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இது பாரம் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். ஆனால் இரண்டு ராத்திரி மொட்டை மாடியில் நனைந்துகொண்டு இருந்த பிள்ளைக்கு வானவில்லை விட அந்த வசனம்தான் நெருக்கமாக இருந்தது.

மறுநாள் படம் வரையச் சொன்னேன். சார்ட் பேப்பர் நிவாரணத்தில் வந்திருந்தது. ஐந்தாறு பேராகச் சேர்ந்து ஒரு பேழை வரைந்தார்கள். மேலே சின்டெக்ஸ் டேங்க், கொடியில் துணி, ஒரு ஆடு, கரண்டியோடு மச்சு வீட்டு ஆச்சி. தண்ணீரில் மிதக்கிற வாழைத்தார்களைப் பச்சையில் நிறைய வரைந்திருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது. நான் திருத்தவில்லை, அப்படியே சுவரில் ஒட்டினேன்.

அடுத்த வருடம் புதிய படத் தொகுப்பு வந்தது. பழையதைவிட நல்ல அச்சு. தாவீது, யோனா, சகேயு எல்லாவற்றுக்கும் அதைத்தான் எடுக்கிறேன். நோவாவுக்கு மட்டும் எடுப்பதில்லை. மைதானத்தில் முழம் போடுகிறோம், வகுப்புக்கு வந்து ஆறாம் அதிகாரத்திலிருந்து வாசிக்கிறேன். விசனம் என்ற சொல் வந்ததும் யாராவது ஒரு பிள்ளை கை தூக்கும் வரை காத்திருக்கிறேன்.