பிரேக் பெடல் தானாகக் கீழே இறங்கியது: நான் செய்து பார்த்தவை

முதல் வாரம்

பிரேக்கை முதல் தடவை மிதித்தால் பெடல் பாதி தூரம் சும்மா போகிறது. இரண்டு பம்ப் அடித்தால் மேலே எழும்பிப் பிடிக்கிறது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் இல்லாத பழைய கார். அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். வேறு எந்தக் கோளாறையும் இரண்டு நாள் தள்ளிப்போடலாம், பிரேக்கைத் தள்ளிப்போட முடியாது.

முதலில் கசிவைத் தேடினேன். நான்கு சக்கரத்தையும் கழற்றி, பின் வீல் சிலிண்டர்களின் (டிரம்முக்குள் பிரேக் ஷூவைத் தள்ளுபவை) ரப்பர் மூடியை நகத்தால் விலக்கிப் பார்த்தேன். உள்ளே ஈரம் இல்லை. முன் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பர், பைப் இணைப்புகள் எல்லாம் காய்ந்தே இருந்தன.

அடுத்து எளிய ஒரு சோதனை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துக்கொண்டு பெடலை மிதித்தேன். வெறும் தூரம் சட்டென்று குறைந்தது. பின் பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது என்பதற்கு இது நல்ல அடையாளம். ஹேண்ட் பிரேக் ஷூவை முன்கூட்டியே நெருக்கிவிடுவதால் பெடலுக்கு வேலை குறைகிறது. அட்ஜஸ்டரைத் திருப்பி, டிரம் லேசாக உரசும்வரை வைத்து, பிறகு சுலபமாகச் சுற்றும் அளவுக்குத் தளர்த்தினேன். பாதிக் குறை தீர்ந்தது.

மிச்சமிருந்தது பஞ்சை மிதிப்பது போன்ற உணர்வு. பிரேக் ஆயில் போகும் லைனில் ஏர் இருக்கிறது என்று முடிவு செய்தேன். ஆயில் கரும்பழுப்பாக இருந்ததால் மாற்றவும் வேண்டியிருந்தது. டாட் 3, டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 155தான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடானால் ஈரமேறிய ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடலும் கூடவே அமுங்கிப் போகும்.

அக்கா உள்ளே உட்கார்ந்து மிதிக்க, நான் சக்கரத்தருகே ஏரை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து மூட, ஒவ்வொரு சக்கரமாக ஏர் எடுத்தோம். "நல்லா அடிவரைக்கும் மிதிக்கா" என்று நானே சொன்னேன். தவறு அங்கேதான் நடந்தது.

இரண்டாம் வாரம்

பெடல் கெட்டியாகிவிட்டது என்ற நிம்மதி நான்கு நாள் நீடித்தது. ஐந்தாம் நாள், நின்ற வண்டியில் லேசாக மிதித்துக்கொண்டிருந்தபோது பெடல் மெல்ல, தானாகக் கீழே போனது. சந்தேகம் தீர அக்காவையும் மிதித்துப் பார்க்கச் சொன்னேன். "டேய், கால் அதுவா இறங்குதுடா" என்றாள்.

இது முன்பு இருந்த கோளாறு இல்லை. ஏர் இருந்தால் பெடல் பஞ்சு போல அமுங்கி ஓரிடத்தில் நிற்கும், பம்ப் அடித்தால் எழும்பும். இங்கே பெடல் நிற்கவே இல்லை, விடாமல் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்குகிறது என்றால் அழுத்தம் எங்கோ வெளியேறுகிறது. ஆயில் டப்பாவில் அளவு குறையவில்லை, வெளியே ஈரமும் இல்லை. பெடல் மிதிப்பை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரை, மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டரிலிருந்து சற்று முன்னால் நகர்த்திப் பின்பக்கமும் பார்த்தேன், அங்கேயும் காய்ந்திருந்தது. அப்படியானால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வாஷரைத் தாண்டி ஆயில் திரும்ப டப்பாவுக்கே போகிறது.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது பெடல் சிறிது தணிந்து நிற்பதை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பூஸ்டர் வேலை செய்வதன் அறிகுறி.

உறுதிசெய்ய, மூன்று ரப்பர் ஹோஸ்களையும் வழவழப்பான வாய் உள்ள கிளாம்பால் இறுக்கினேன். சக்கரங்களுக்குப் போகும் வழி அடைபட்ட பிறகும் பெடல் இறங்கியது. இன்னொன்றையும் கவனித்தேன்: பலமாக மிதித்தால் நின்றது, மெதுவாக மிதித்தால்தான் இறங்கியது. அழுத்தம் அதிகமானால் வாஷரின் உதடு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும், லேசான அழுத்தத்தில் ஒட்டாது. பலமாக மிதித்து மட்டும் சோதித்திருந்தால் இதை விட்டிருப்பேன்.

காரணம் கழற்றியதும் தெரிந்தது. அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் சிலிண்டரின் ஒரு பகுதியில் மட்டுமே போய்வரும். அது போகாத பகுதியில் துருவும் கசடும் சேரும். ஏர் எடுக்கும்போது அடிவரை மிதித்ததில் பழைய வாஷர் அந்தச் சொரசொரப்பின் மேல் போய்வந்திருக்கிறது. உதட்டில் கீறல் கண்ணுக்கே தெரிந்தது. சுவரில் நகம் தட்டும் அளவுக்குக் குழிகள் இருந்ததால் வாஷர் கிட் மட்டும் மாற்றுவதில் அர்த்தமில்லை, முழு மாஸ்டர் சிலிண்டரையே மாற்றினேன்.

மூன்றாம் வாரம்

புதியதை வண்டியில் ஏற்றும் முன் வைஸில் பிடித்து, வெளிவாய்களிலிருந்து இரண்டு டியூப்களை டப்பாவுக்குள் ஆயிலில் முங்கும்படி விட்டு, ஸ்க்ரூடிரைவரால் பிஸ்டனை மெதுவாகத் தள்ளித் தள்ளி ஏர் எடுத்தேன். குமிழி நிற்கக் கால் மணி நேரம் ஆனது. இதைச் செய்யாமல் மாட்டினால் உள்ளே தங்கும் காற்றைப் பிறகு விரட்டுவது பெரும்பாடு.

பைப் நட்டுகளுக்குச் சாதாரண ஸ்பேனர் போட வேண்டாம், முனை மழுங்கிவிடும். பிரேக் பைப்புக்கென்றே இருக்கும் ஸ்பேனர்தான் சரி. ஒரு துளி ஆயில் ஃபெண்டரில் சிந்தியது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பெயின்ட்டை அது உரித்துவிடும்.

பூஸ்டர் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மேனுவலில் சொன்ன இடைவெளி இருக்கிறதா என்று அளந்தேன். இடைவெளி இல்லையென்றால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, அழுத்தம் தங்கி பிரேக் பிடித்தபடியே இருக்கும். பிறகு மேனுவல் சொல்லும் சக்கர வரிசையில் ஏர் எடுத்தோம். இந்த முறை பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை. அக்காவுக்கும் "கட்டை தட்டினா போதும்" என்று சொல்லிவைத்தேன்.

எஞ்சின் ஓட, லேசாக ஒரு நிமிடம், பலமாக ஒரு நிமிடம் மிதித்து வைத்திருந்தேன். பெடல் அசையவில்லை. நான்கு சக்கரமும் கையால் தடையின்றிச் சுற்றின. நிப்பிள்களையும் பைப் நட்டுகளையும் துடைத்துக் காகிதம் சுற்றிவைத்தேன், மறுநாள் காலை எல்லாம் காய்ந்தே இருந்தன. அதன்பின் வெற்று மைதானத்தில், ஹேண்ட் பிரேக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு, நடை வேகத்தில் ஆரம்பித்துப் பல தடவை நிறுத்திப் பார்த்தேன்.

கிளாம்பைக் கழற்றியபோது முன் ஹோஸ்கள் இரண்டிலும் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. அடுத்த வாரம் அவற்றை மாற்றி, மறுபடியும் ஏர் எடுக்க வேண்டும். அதுவரை வண்டி ஸ்டாண்டில்தான் நிற்கிறது.