குளத்தில் மிதக்கும் நான்கு தகடுகள்

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் எங்களுக்கு இருப்பது ஒரு ஏக்கர் மேட்டுக்காணி. சோலார் தகடுகளுக்காகக் கத்தரிப் பாத்தியை இழக்க மனமில்லை. கிணற்றடியிலோ தென்னை நிழல். மிஞ்சியது தோட்டத்துச் சிறு குளம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்தில் 2020இல் மிதவைச் சோலார் அமைத்தார்கள். எனக்கு ஒரு குதிரைவலுப் பம்ப் ஓடினால் போதும். 550 வாட் தகடுகள் 4.

மின்வேலைதான் சிக்கல், மிதக்கவிடுவது லேசு என்று நினைத்திருந்தேன். தகடு ஒன்று 28 கிலோ. 200 லீட்டர் நீலப் பரல்கள் 6 தாராளமாகத் தாங்கும். வெல்டிங் கடையில் தெற்குப் பார்த்த சாய்வோடு சட்டம் அடித்துத் தந்தார்கள். ஆவணியில் இடுப்பளவு தண்ணீர். நான்கு மூலைக்கும் சீமெந்துக் கட்டிகளை அடியில் இறக்கி, கயிற்றை இறுக்கிக் கட்டினேன். அசையக்கூடாதாம்!

கார்த்திகை மழையில் குளம் நிரம்பியது. பம்ப் நின்று நின்று ஓடியது. போய்ப் பார்த்தால், மூன்று கட்டிகள் சேற்றிலிருந்து பெயர்ந்து தொங்குகின்றன. நான்காவது வேரில் சிக்கி, மிதவையின் ஒரு மூலையைத் தண்ணீருக்குள் இழுத்து வைத்திருக்கிறது. வயர் இணைப்பும் உள்ளே. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காலை வைத்தேன்.

"மாமா, இறங்காதீர்கள்!" என்று கத்தினான் மின்வேலைத் தம்பி. நான்கு தகடும் தொடராக இருந்தால் ஏறத்தாழ 200 வோல்ட். கரையிலுள்ள சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை தகட்டுப் பக்கத்தில் மின் இருக்கும். இருட்டிய பிறகே இறங்கினோம். இணைப்பைக் கழற்றினால் உள்ளே களிம்பு பச்சையாகப் பூத்திருந்தது.

திருக்கடலூரிலிருந்து வந்த மைத்துனர் சிரித்தார்: "வள்ளத்தை இப்படியா கட்டுவீர்கள், மச்சான்?" கடல் தொழில் செய்பவர். நங்கூரக் கயிற்றை மூலையிலுள்ள வளையத்தின் வழியாக விட்டு, மறுமுனையில் கல்லைத் தொங்கவிட்டார். தண்ணீர் ஏறினால் கயிறு ஓடிக்கொடுக்கும். இறங்கினால் கல் இழுத்துக்கொள்ளும். வாடைக்காற்று உயர்ந்த வடக்கு விளிம்புக்கு அடியில் புகுந்து தூக்காமலிருக்க, அந்தப் பக்கத்துப் பரல்களில் கால்வாசி தண்ணீரும் நிரப்பினோம்.

சூடு கூடினால் தகட்டின் உற்பத்தி குறையும். தண்ணீருக்கு மேலே கொஞ்சம் குளிர்ச்சி கிடைக்கிறது. அந்த லாபத்தில் பாதியை நீர்க்காகங்கள் தின்றுவிடுகின்றன என்பது என் சந்தேகம். சிறகு காயவைக்கத் தகட்டைவிட நல்ல இடம் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. சனிக்கிழமை தோறும் விடியுமுன் எச்சத்தைத் துடைக்க வாளியும் துணியுமாகப் போகிறேன்.