கிழவன்தான் நம்ம ஆளு
ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4ங்கிற சண்டை வீடியோ கேம்ல "கென் எடுப்பேன்"னு சொன்னா, "மஞ்சள் முடிக்காரனா?"ன்னு கேக்குறானுங்க. தமிழ்ல எழுதினா Ken, Gen ரெண்டு பேரும் கென்தான், என்ன செய்ய! நான் சொல்றது Gen, அதுல வர்ற வெள்ளைத்தாடிக் கிழவன்.

மூணு குத்து பட்டனையும் சேர்த்து அமுக்கினா கும்பிடுபூச்சி நிலை, மூணு உதை பட்டனுக்குக் கொக்கு நிலை. நிலை மாறினா அடி மொத்தமும் மாறிடும். அதான் பாதிப் பேரு கிட்டயே போறதில்ல. பக்கத்து சிங்கப்பூர்க்காரர் ஷியான், 2013 ஈவோ சண்டை கேம் போட்டி இறுதியில இந்தக் கிழவனை வச்சுத்தான் டொக்கிடோங்கிற ஆட்டக்காரர் எடுத்த அக்குமாவைச் சாய்ச்சாரு!

நம்ம சுங்கை சிப்புட் டவுன் கேம் கடையிலயோ, நான் சிந்துன தே ஐஸ்ல (ஐஸ் போட்ட டீ) மூணாவது உதை பட்டன் பிசுபிசுன்னு ஒட்டிக்கிச்சு. கொக்கு வரவே மாட்டேங்குது. எஸ்டேட்லேருந்து கூட வந்த தம்பி சொல்றான்: "அண்ணே, பேசாம ரியூ எடுங்கலா."