டிஜிட்டல் நம்பர் பிளேட்டோடு வந்த பழைய கார்

கலிஃபோர்னியாவில் பழைய கார் வாங்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டியின் பின்பக்கம் உலோகத் தகட்டுக்குப் பதிலாக, எண்ணைத் திரையில் காட்டி ஆப் மூலம் இயங்கும் டிஜிட்டல் பிளேட் மாட்டியிருந்தால், அதைக் கழற்றிவிட்டுப் பழைய தகட்டை மாட்டித் தரும்வரை பணத்தைக் கொடுக்காதீர்கள். நாங்கள் பட்ட பாட்டின் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஃப்ரீமான்ட்டில் தெரிந்தவர் ஒருவர் மூலமாக வந்த கார் இது. விற்றவர் குடும்பத்தோடு கோவைக்கே திரும்பிப் போகும் அவசரத்தில் இருந்தார். ஸ்மாக் எனும் புகைச் சோதனைச் சான்றிதழ், பிங்க் ஸ்லிப் எனும் உரிமைப் பத்திரத்தில் கையெழுத்து, பெயர் மாற்றம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. பின்னால் இருந்த பிளேட்டைப் பற்றிக் கேட்டபோது, “ஆப்ல உங்க பேருக்கு மாத்தி விட்டுடறேன் அக்கா, ரெண்டு நிமிஷ வேலை” என்று உறுதி சொன்னார். ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் மாற்றவில்லை. காரணம் கேட்டால், அமெரிக்க செல்பேசி எண்ணை ரத்து செய்துவிட்டாராம். ஆப்புக்குள் நுழைய வேண்டிய ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகிறது. பிளேட் கம்பெனிக்குப் போன் செய்தால், கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும் என்கிறார்கள். ஆக, என் பெயரில் பதிவான வண்டியின் நம்பர் பிளேட் இன்னொருவர் கணக்கில் மாட்டிக்கொண்டது.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று என் கணவரின் நண்பர்களே கேட்டார்கள். இந்த பிளேட்டில் செல்பேசி இணைப்பு இருக்கிறது. அடியில் வரும் வாசகத்தை ஆப்பிலிருந்தே மாற்றலாம். வண்டி திருடு போய்விட்டது என்று குறித்தால் பிளேட்டிலேயே அது தெரியும். திருட்டு வண்டி என்று சந்தேகப்பட்டால் இங்கே போலீஸ் துப்பாக்கியை நீட்டிக்கொண்டுதான் நிறுத்துவார்கள். பின் சீட்டில் என் பிள்ளைகள் இருப்பார்கள். அந்தப் பொத்தான் என் கையில் இல்லாமல் வேறு யாருடைய கணக்கிலோ இருப்பதை நான் எப்படிச் சும்மா விடுவது?

“யாரு அக்கா ஹேக் பண்ணப் போறாங்க?” என்றும் கேட்டார்கள். ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறார்கள். சாம் கரி என்ற பாதுகாப்பு ஆய்வாளரும் அவருடைய நண்பர்களும் இந்த பிளேட் கம்பெனியின் இணையதளத்துக்குள் நிர்வாகி அதிகாரத்தோடு நுழைய முடிந்ததை 2023 ஜனவரியில் வெளியிட்டார்கள். எல்லா வாடிக்கையாளர்களின் வண்டி இருப்பிடத்தையும் பார்க்கலாம், எந்த வண்டியையும் திருட்டு வண்டி என்று குறிக்கலாம் என்ற நிலை அப்போது இருந்தது. கம்பெனி உடனே சரிசெய்துவிட்டது, அதை மறுக்கவில்லை. ஆனால் 2024-இல் ஐஓஆக்டிவ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஹோசெப் ரோட்ரிகஸ், பிளேட்டின் பின்பக்கம் கேபிளைச் செருகி உள்ளே இருக்கும் மென்பொருளையே மாற்றிக் காட்டினார். அதற்குப் பிறகு திரையில் எந்த எண்ணை வேண்டுமானாலும் காட்டலாம். சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியா பாலங்களில் 2020-இலிருந்தே டோலைப் பணமாக வாங்குவதில்லை. டோல் டேக் இல்லாத வண்டிகளுக்கு கேமராவில் விழும் எண்ணைப் பார்த்துத்தான் பில் வரும். எவனோ ஒருவன் என் எண்ணைக் காட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தால் பில் என் வீட்டுக்கு வரும்.

தனிநபர் கார்களின் டிஜிட்டல் பிளேட்டில் இருப்பிடம் காட்டும் வசதி கூடாது என்று 2022-இல் இயற்றிய மாநிலச் சட்டம் சொன்னது. நல்ல சட்டம்தான். ஆனால் கணக்கு கைமாறாத சிக்கலுக்கு அது உதவக்கூடியதல்ல.

அதனால் உலோகத் தகட்டுக்கே திரும்புவது என்று முடிவு செய்தோம். பழைய பின்பக்கத் தகடு எங்கே என்று விற்றவரிடம் கேட்டால், வீடு காலி செய்தபோது குப்பையோடு போயிருக்கும் என்றார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அடுத்த தலைவலி ஸ்க்ரூ. திருட்டைத் தடுப்பதற்கான தனி ஸ்க்ரூ அது, சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்கு அசையவில்லை. கழற்றும் கருவியும் அந்தக் குப்பையோடு போய்விட்டது. கடைசியில் ஒரு மெக்கானிக் துளை போட்டு எடுத்தார். அந்தக் கூலியை விற்றவரிடமே கேட்டு வாங்கினேன், விடவில்லை.

தகடு தொலைந்ததற்கு, வண்டிப் பதிவு அலுவலகமான டிஎம்வி-யில் கொடுக்க வேண்டிய படிவம் ரெக் 156. இரண்டில் ஒன்று தொலைந்தாலும் மிச்சமிருக்கும் முன்பக்கத் தகட்டை ஒப்படைக்க வேண்டும், அதற்குப் பிறகு புது எண்ணில் ஜோடியாகத் தருவார்கள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. படிவத்தோடு கவுன்ட்டருக்குப் போனால், “முன்பக்கத் தகடு எங்கே?” என்றார்கள். அது கார் பார்க்கிங்கில் துருப்பிடித்த ஸ்க்ரூவோடு காரிலேயே இருந்தது. லீவு போட்டு வந்த காலை வீணாகப் போனது. நீங்கள் வீட்டிலேயே கழற்றி, உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அடையாள அட்டையும் பதிவு அட்டையும் கூடவே இருக்கட்டும்.

அடுத்த முறை போனபோது கவுன்ட்டரில் இருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இரண்டு தகடுகளை நீட்டினார். ஃபோல்சம் சிறையில் அடித்து வரும் சாதாரண உலோகத் தகடு. அதற்கு பேட்டரி வேண்டாம், சந்தா வேண்டாம், ஓடிபி வேண்டாம். எனக்கு அப்போதுதான் மூச்சு சீரானது.

எண் மாறியதும் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. முதலில் டோல் கட்டும் ஃபாஸ்ட்ராக் கணக்கில் புது எண்ணைச் சேருங்கள். அப்புறம் இன்ஷூரன்ஸ், அலுவலக பார்க்கிங் அனுமதி. பழைய எண்ணை ஃபாஸ்ட்ராக்கிலிருந்து நீக்கிய தேதி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விற்றவர் இன்னும் அந்த ஆப் கணக்கை மூடவில்லை. ரெக் 156 நகலும், தகடு ஒப்படைத்ததற்கான சீட்டும் காரில் பதிவு அட்டையோடு சேர்ந்தே இருக்கின்றன. அவர் மூடிவிட்டதாக எழுத்தில் அனுப்பும்வரை அவை அங்கேதான் இருக்கும்.