ரம்மிக்காரர்களுக்கு ஸ்டூ அங்கர்

சேலத்துப் பக்கம் சீட்டு என்றால் ரம்மிதான். ஏற்காட்டில் அறை எடுத்த அன்று பார்த்து மழை பிடித்துக்கொண்டால், பையிலிருந்து முதலில் வெளியே வருவது இரண்டு கட்டு சீட்டு. அந்தக் கூட்டத்துக்குப் போக்கரைப் புரியவைக்க ஸ்டூ அங்கரைவிடத் தோதான ஆள் இல்லை. அவரே ரம்மியிலிருந்து வந்தவர்தான்.

1953-இல் நியூயார்க்கில் பிறந்தார். பத்துச் சீட்டில் இருவர் ஆடும் ஜின் ரம்மியில் அவர் எதிரே காசு வைத்து உட்கார ஆள் கிடைக்காமல் போய், போக்கருக்கு மாறினார். உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை 1980, 1981, 1997 என மூன்று முறை வென்றார்.

இதில் 1980, 1997 இறுதி ஆட்டங்கள் இரண்டும் ஒரே வரிசையில் முடிந்தன: ஆஸ், 2, 3, 4, 5.

இந்தப் போக்கரில் ஆளுக்குக் கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து; முதலில் மூன்று விழும், பிறகு ஒவ்வொன்றாக இரண்டு. இந்த ஏழில் சிறந்த ஐந்தே கணக்கு. 1980-இல் எதிரே பெயர்பெற்ற போக்கர் ஆட்டக்காரர் டாயில் பிரன்சன், கையில் ஆஸ், 7. அங்கர் கையில் 5, 4. மேசையில் விழுந்த முதல் மூன்று சீட்டு ஆஸ், 7, 2. பிரன்சனுக்கு அப்போதே இரண்டு ஜோடி. அங்கருக்கு ஒரு 3 வேண்டும். அடுத்த சீட்டே 3!

ரம்மியில் நடுச்சீட்டுக்குக் காத்திருந்தால் பக்கத்தில் இருப்பவர் திட்டுவார். இஸ்பேட் 5, 7 வைத்திருந்தால், இரண்டு கட்டிலும் சேர்த்து இஸ்பேட் 6 இரண்டே இரண்டுதான். போக்கரில் வரிசைக்கு ஒரே இனம் தேவையில்லை. நான்கு 3-இல் எது வந்தாலும் சரி. அப்படியும் கண்ணில் படாத 47 சீட்டில் நான்குதான், நூற்றுக்கு எட்டரை. பிறகு ஏன் காத்திருக்க வேண்டும்? வந்துவிட்டால் எதிராளியின் மொத்தக் குவியலும் கிடைக்கும் என்பதால். எதிரே சிப் (பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லை) குறைவாக இருந்தால் அதே காத்திருப்பு தண்டம்.

ரம்மியில் நாம் போட்ட ஆர்ட்டின் 7-ஐ ஒருவர் எடுத்தால், அதன் பிறகு ஆர்ட்டின் 6, 8 அவருக்குப் போட மாட்டோம். போக்கரில் கழித்த சீட்டு கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு கட்டினார், எங்கே கட்டாமல் 'செக்' சொன்னார் என்பதுதான் அங்கே கழிவுச் சீட்டு. அங்கர் அதைப் படித்தார். எதிராளி தயங்கியதும் பெரிதாகக் கட்டி அடித்தார்.

அந்த அடிக்குக் கணக்கு உண்டு. ஜோடியில்லாத இரண்டு சீட்டு, முதல் மூன்று சீட்டில் ஒன்றோடாவது சேர்வது மூன்றுக்கு ஒரு தடவைதான். நடுவில் 100 இருக்கும்போது 50 கட்டினால், மூன்றில் ஒரு முறை எதிராளி சீட்டை மடக்கி விலகினாலே நஷ்டமில்லை. ஆனால் எதிரே ஒருவர் இருந்தால்தான் இது. மூன்று பேர் இருந்தால் மூவருக்குமே சேராமல் போக வாய்ப்பு நூற்றுக்கு முப்பதுதான். அங்கே கையில் ஒன்றுமில்லாமல் பொய்க்கட்டு கட்டுவது சுத்தப் பைத்தியக்காரத்தனம்.

சீட்டில் இவ்வளவு கணக்குப் பார்த்தவர் பணத்தில் பார்க்கவில்லை. ஜெயித்ததெல்லாம் குதிரைப் பந்தயம், விளையாட்டுச் சூதாட்டம், கொக்கெய்ன் என்று போனது. 1997 போட்டியின் 10,000 டாலர் நுழைவுக் கட்டணத்தைக் கட்டியதே இன்னொரு போக்கர் ஆட்டக்காரரான பில்லி பாக்ஸ்டர்தான். பரிசு பத்து லட்சம் டாலர். மறு ஆண்டு நவம்பரில் லாஸ் வேகாஸ் விடுதி அறையில் இறந்துகிடந்தார், வயது 45.

காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடைசெய்துவிட்டது. பழகிப் பார்க்கப் புளியங்கொட்டை போதும். ஒரே கட்டு, ஜோக்கரை எடுத்துவிடவும், ஆளுக்கு 100 கொட்டை, பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகக் கட்டுவது) 1, 2. ரம்மிக்காரர்கள் முதலில் சறுக்குவது ஒரே இடத்தில்: ஸ்கூட் போட்டால், அதாவது ஆடாமல் விலகினால், 20 பாயின்ட் போகுமே என்ற பழக்கத்தில் எந்தக் கையையும் விடமாட்டார்கள். இங்கே பிளைண்ட் கட்டிய இருவரைத் தவிர மற்றவர்களுக்கு மடக்குவது இலவசம். ஆறு பேர் ஆட்டத்தில் நான்கில் மூன்று கையைத் தாராளமாக விடலாம்.

இன்னொரு தொல்லை, கொட்டைதானே என்று கடைசி வரை எல்லாரும் ஒட்டிக்கொண்டிருப்பது. முதலில் காலியாகிறவர் மழையில் நனைந்துபோய் எல்லாருக்கும் மிளகாய் பஜ்ஜி வாங்கிவர வேண்டும் என்று வைத்துப் பாருங்கள், இரண்டாவது சுற்றிலேயே மடக்க ஆரம்பிப்பார்கள்.